செத்த புரோகிராம் எழுதிய கோப்பு

எங்கள் சர்வர் அறை இப்போது இல்லை. எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டது. அந்தக் குளிரையும் மின்விசிறி இரைச்சலையும் நினைத்தால் எனக்கு இன்னமும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. சர்வர்களை இயக்கும் லினக்ஸ் எனக்குப் பிடிபட்டது அங்கேதான்.

கற்றுக்கொடுத்தவர் ஜகுபர். என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். நான் கிண்டலாக "வாத்தியாரே" என்பேன். அவர் "அக்கா" என்பார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால், பஸ் டிக்கெட் பதியும் எங்கள் புரோகிராம் தினமும் செத்து விழுந்தது. அதில் கடைசியாகக் கைவைத்தவள் நான். பழி என்மேல் விழாமல் இருக்குமா? ஒரு வாரத்தில் காரணம் தெரியாவிட்டால் வேலையை விட்டுவிடுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"ஏன் சாகுது வாத்தியாரே?"

"செத்ததும் என்ன செய்வீங்க?"

"அரை நிமிஷத்துல எழுப்பிடுவேன்!" அதில் பெருமை வேறு எனக்கு.

"கோர் டம்ப்?"

சாகிற புரோகிராம் தன் நினைவில் இருந்ததையெல்லாம் கொட்டி எழுதிவைக்கும் கோப்பு அது. டிஸ்க் நிரம்புகிறதே என்று அதன் அளவை நான்தான் பூஜ்யமாக்கி வைத்திருந்தேன்.

ஜகுபர் திட்டவில்லை. அந்த வரம்பை எடுத்துவிட்டு, புரோகிராமை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினார்.

மறுநாள் பதினொரு மணிக்கு அது விழுந்தது. என் கை தானாகக் கீபோர்டுக்குப் போனது.

"தொடாதீங்க அக்கா. இன்னும் கோர் டம்ப் எழுதிட்டிருக்கு. நீங்க ரீஸ்டார்ட் பண்ணினா பாதியில நின்னுடும்."

"கவுண்டர்ல கத்துறாங்க தம்பி!"

"கத்தட்டும்."

நாலு நிமிஷம். போன் விடாமல் அடித்தது. கோப்பு முழுசாக எழுதி முடிந்த பிறகுதான் புரோகிராமை எழுப்ப என்னை விட்டார்.

பிறகு அதைத் திறந்தார். எந்த வரியில் உயிர் போனது என்று திரையில் வந்தது. நான் மாற்றிய பகுதி இல்லை. "அப்பாடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்த வரியை எழுதியவர் யார் என்று தேடினேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஜகுபர்.

அந்த மாதம்தான் அவருடைய பதவி உயர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் கதவைத் தட்டினார். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"தம்பி, சத்தமில்லாம வரியைத் திருத்திடுங்க. கோப்பை நான் அழிச்சிடறேன். மெமரி பத்தலைன்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் கதவைத் திறக்க எழுந்தார். பாதி வழியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"செத்துப்போனதே உள்ளதைச் சொல்லிட்டுப் போயிருக்கு அக்கா. நான் உயிரோடதானே இருக்கேன்?"