ஏறிப் போக வேண்டிய கீழத்தெரு

ராஜாக்கள் நாட்டை ஆண்ட காலம் அது. ஆனால் எந்த ராஜாவும் இந்தக் கதைக்குள் வரமாட்டார். அவர்களுக்குச் சண்டை போட வேறு ஊர்கள் இருந்தன. குன்றடி ஊரார் தங்கள் சண்டையைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். கேளுங்கள்.

குன்றடியில் இரண்டே தெருக்கள். மேற்கே இருந்தது மேலத்தெரு. கிழக்கே இருந்தது கீழத்தெரு. திசைக்கு வைத்த பெயர்கள்தாம். ஆனால் மேலத்தெருக்காரர்கள் தாங்களே மேலானவர்கள் என்று நம்பிவிட்டார்கள்.

இதில் ஒரு சங்கடம். அந்த ஊரில் குன்று கிழக்கே இருந்தது. மேலத்தெருக்காரர்கள் மூச்சு வாங்க மேடேறிப் போய்த் திரும்பி, "கீழத்தெருவுக்கு இறங்கிப் போய் வந்தேன்" என்பார்கள். யாரும் சிரித்ததில்லை.

மேலத்தெருத் தேனம்மைக்குக் கீழத்தெருக் குழந்தைவேலுவைப் பிடித்திருந்தது. அப்பா பழநியப்பரிடம் சொன்னாள். பெண்ணைக் கீழே இறக்கமாட்டேன் என்றார் அவர். அழுது பார்த்தாள். பட்டினி கிடந்து பார்த்தாள். பேசாமல் இருந்து பார்த்தாள். பேசாமல் இருந்தது மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் மூன்று பூசணிக்காய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனாள். இரண்டு தெருவும் கூடிவிட்டது. எது மேல், எது கீழ் என்று பூசணிக்காய் சொல்லட்டும் என்றாள்.

முதல் காயைத் தரையில் வைத்தாள்; மேலத்தெருவுக்கு உருண்டது. இரண்டாவதும் உருண்டது. மூன்றாவது போய்ப் பழநியப்பர் வீட்டுக் கதவிலேயே முட்டி நின்றது.

மேட்டில் நின்றிருந்த பழநியப்பர் கீழே தன் வீட்டுக் கதவைப் பார்த்தார். பிறகு, கல்யாணத்துக்கு நாள் பார்க்கலாம் என்றார்.

தேனம்மைக்கு உயிர் வந்தது. அது நிலைப்பதற்குள் குழந்தைவேலுவின் அப்பா சடையப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்படியானால் மேலே இருப்பவர்கள் நாங்கள். பள்ளத்தில் போய்ப் பெண் எடுக்க எங்களுக்கு என்ன தலையெழுத்தா?"

கீழத்தெரு முழுக்க அதற்குத் தலையாட்டியது. குழந்தைவேலு தரையைப் பார்த்தான்.

தேனம்மை அசரவில்லை. "மாமா, கோடையில் உங்கள் தெருக் கிணற்றில் தண்ணீர் உண்டா?"

"ஏது? உங்கள் தெருவில்தானே இறைக்கிறோம்."

"வெள்ளம் வந்தால் நாங்கள் எங்கே ஒதுங்குகிறோம்?"

"இங்கேதான். வேறெங்கே போவீர்கள்?"

"அப்படியென்றால் வெயிலுக்கு நாங்கள் மேல், மழைக்கு நீங்கள் மேல். கல்யாணத்துக்கு யார் மேல், மாமா?"

சடையப்பர் வானத்தைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், கடைசியில் மகன் முகத்தைப் பார்த்தார்.

"பூசணிக்காய் மூன்றும் அங்கே போய்விட்டதே. விருந்துக்குக் கூட்டு வைக்க வேண்டாமா?" என்றார். "சரி, மேலத்தெருவுக்கு இறங்கி வருகிறோம்."

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. முதலில் அவர் சிரித்தார். அடுத்துப் பழநியப்பர் சிரித்தார். பிறகு, இத்தனை காலம் சேர்த்து வைத்த சிரிப்பையெல்லாம் ஊரே சிரித்துத் தீர்த்தது. கல்யாணக் கூட்டு இரண்டு தெருவுக்கும் போதுமானதாக இருந்தது.

மேல், கீழ் என்பவை நாம் நிற்கும் இடத்துக்கு இட்ட பெயர்கள்; மனிதரின் மதிப்பை அவை சொல்வதில்லை.