பகடை விழாத மேசை

"பகடை கீழே விழாத மேசை எப்படிச் செய்யறது, டீச்சர்?"

கேட்ட பவுனம்மாளுக்கு வயது ஐம்பத்தொன்று. அவளுக்குத் தச்சுவேலை சொல்லிக்கொடுக்கும் செவ்வந்திக்கு முப்பத்திரண்டு.

"எதுக்குக்கா?"

"என் மகன்கள் லூடோ ஆட."

"சின்னப் பசங்களா?"

"பெரியவனுக்கு முப்பது."

செவ்வந்தி சிரிக்கவில்லை.

போன பொங்கலன்று மகன்கள் இருவரும் பெஞ்சில் வைத்து ஆடினார்கள். பகடை உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. சின்னவன் குனிந்து பார்த்து ஆறு என்றான். பெரியவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பொய் என்றான். அன்றோடு பேச்சு நின்றது.

"ஞாயித்துக்கிழமை பேத்திக்குக் காது குத்து. ரெண்டு பேரும் வருவாங்க. அதுக்குள்ள மேசை வேணும்."

செவ்வந்தி ஒரு வேப்பம்பலகையைக் காட்டிவிட்டுத் தன் வேலைக்குப் போனாள்.

பவுனம்மாள் பலகையை இழைத்தாள். கால்களைப் பூட்டினாள். ஆடாமலிருக்க அடியில் குறுக்குச் சட்டம் அடித்தாள். விளிம்பைச் சுற்றி இரண்டு விரல் உயரத்துக்கு மெல்லிய ரீப்பர் கட்டை வைத்தாள்.

செவ்வந்தி வந்து பகடையை உருட்டினாள். அது துள்ளி ரீப்பரைத் தாண்டி விழுந்தது.

"உயரம் பத்தலையா, டீச்சர்?"

"உங்க மேசை. நீங்கதான் சொல்லணும்."

இது என்ன பதில் என்று பவுனம்மாளுக்கு விளங்கவில்லை. நான்கு விரல் வைத்துப் பார்த்தாள். செவ்வந்தி ஓங்கி வீச, அதையும் தாண்டியது. கடைசியில் ஒரு சாண் உயரத்துக்குப் பலகையே அடித்துவிட்டாள்.

இப்போது பகடை விழவில்லை. செவ்வந்தி நின்ற பக்கத்துப் பலகையில் மோதி, அதன் காலடியிலேயே நின்றது.

செவ்வந்தி அந்தப் பக்கமே முக்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா விழுந்திருக்கு?"

"மூணு."

"பலகை மறைக்குது. இங்கேருந்து தெரியலையே."

"மூணுதான் டீச்சர்."

"பொய்," என்றாள் செவ்வந்தி, எழுந்திருக்காமலே.

பவுனம்மாளுக்கு முகம் சிறுத்துப்போனது. "நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்?"

செவ்வந்தி சுத்தியலை எடுத்தாள். நான்கு பக்கப் பலகைகளையும் தட்டிக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தாள்.

"மூணு நாள் வேலை அது. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நீங்க என்ன செய்யறீங்கன்னே எனக்குப் புரியலை."

செவ்வந்தி பகடையை உருட்டினாள். வழவழவென்ற பலகையில் அது நிற்காமல் ஓடி, விளிம்பில் தட்டிக் கீழே விழுந்து, மேசைக்கு அடியில் போனது.

"என்ன விழுந்திருக்கு?"

மறுபடியும் பொய் என்று சொல்லிக் கேட்கப் பவுனம்மாளுக்குத் தெம்பில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குறுக்குச் சட்டம் நெற்றியில் இடித்தது.

அந்தப் பக்கமும் ஒரு இடி கேட்டது. செவ்வந்தியும் மண்டியிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முகத்துக்கும் நடுவில், மரத்தூளில் பகடை கிடந்தது.

"அஞ்சு," என்றாள் செவ்வந்தி.

"அஞ்சு," என்றாள் பவுனம்மாள்.

பவுனம்மாள் நெற்றியில் இடித்த சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அங்கிருந்தபடியே கையை நீட்டினாள்.

"ரம்பத்தைக் கொடுங்க, டீச்சர்."

"எதுக்கு?"

"இந்தச் சட்டத்தை அறுக்கணும்."

"மேசை ஆடுமேக்கா."

"ஆடட்டும். பெரியவனும் குனியணும், அவனுக்குத் தலை பெரிசு."