அலைப்பக்கத்துக் கல்

"அவகூட ஒரே பந்தியில இனி நான் இருக்க மாட்டேன், அம்மா," என்றார் தாணு.

கடலோர மடத்தின் குரு பொன்னம்மை, சீடர் தாணுவைவிட வயதில் இளையவர். அதனால் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"கோமு என்ன செஞ்சா, அண்ணே?"

"பந்திப் பாட்டு முடியுமுன்னாலயே அள்ளி அள்ளித் திங்கா. மடத்துக்குன்னு ஒரு முறை இல்லியா?"

கோமு போன வாரம் வந்து சேர்ந்தவள். சின்ன வயதிலிருந்து வீடு வீடாக வேலைக்கு நின்றவள். அங்கெல்லாம் யாராவது வேலைக்குக் கூப்பிடுமுன் விழுங்கினால்தான் சோறு உண்டு.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பஞ்சத்துல அடிபட்டவளான்னு கேட்டேன்."

"பந்தியில வச்சா?"

"பந்தியில வச்சுத்தான். பாதி இலையில எந்திச்சுப் போயிட்டா."

அதன்பிறகு அவள் சாப்பிட வரவே இல்லை. அதுவும் தாணுவுக்குத் தெரியும். தெரிந்தும்தான் புகார் சொல்ல வந்திருந்தார்.

பொன்னம்மை அவரைக் கடலுக்கு அழைத்துப் போனார்.

பாறைக்கு உட்புறம் அலை எட்டாத ஒரு சின்னக் குட்டை. ஓரமெல்லாம் கொட்டலசு. கல்லோடு ஒட்டி, ஓட்டுக்குள்ளேயே வாழும் சின்ன உயிர். ஓட்டின் வாய் திறந்தது. மயிரிழை போல நீளக் கால்கள் வெளியே வந்து, தண்ணீரை நிதானமாகத் துழாவி, இரையோடு உள்ளே போயின.

"பாட்டு முடிஞ்ச பிறகுதான் சாப்பிடும் போல," என்று சிரித்தார் பொன்னம்மை.

பாறையின் மறுபக்கம் அலை ஓங்கி அறைந்தது. அங்கேயும் அதே கொட்டலசுதான். ஆனால் கால்கள் கட்டை, தடிமன். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே வெடுக்கென்று நீட்டி, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு மூடிக்கொண்டன.

"இதுக்கு மட்டும் ஏன் கட்டைக் காலு, அண்ணே?"

"நீளமா இருந்தா அலை முறிச்சிரும்லா."



திரும்பும்போது குட்டையில் தனியாகக் கிடந்த ஒரு கல்லைப் பொன்னம்மை காட்டினார். அலைப்பக்கத்திலிருந்து அவரே எடுத்து வந்து போட்ட கல். அதிலிருந்தவை இங்கேயும் வெடுக்கென்று பிடித்து வெடுக்கென்று மூடின.

"இங்கதான் அலையே இல்லியே! இன்னும் எதுக்குப் பறக்குது?" தாணு விரலால் கல்லைத் தட்டினார்.

எல்லா ஓடும் மூடிக்கொண்டது.

"தோலை உரிச்சு உரிச்சுப் புதுக்காலு வரும். அது நீளமா வரும்," என்றார் பொன்னம்மை.

"எப்போ?"

பொன்னம்மை அவருடைய விரலைப் பார்த்தார்.

தாணு கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். வெட்கத்தில் முகம் எரிந்தது. ஓடுகள் திறக்கட்டும் என்று அங்கேயே குந்தியிருந்தார். அவை லேசில் திறக்கவில்லை.

மத்தியானப் பந்திக்குக் கோமுவைப் பொன்னம்மை கைப்பிடித்துக் கூட்டி வந்தார். அவள் தலை நிமிரவில்லை. தாணு எழுந்துபோய் அவளுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

சோறு விழுந்தது. பாட்டு ஆரம்பித்தது. கோமு இரண்டு கையையும் மடிக்குள் இறுக்கிக்கொண்டாள்.

தாணு ஒரு கவளத்தை அள்ளி வாயில் போட்டார். சத்தமாக மென்றார்.

பாட்டு தடுமாறியது. பந்தி முழுக்க அவரையே பார்த்தது. அவர் அடுத்த கவளத்தையும் அள்ளினார்.

கோமுவை யாரும் பார்க்கவில்லை.

அவள் சாப்பிட்டாள்.