முதல் பால்

மடத்து மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் மாசிலாமணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடத்துப் பசு கன்று ஈன்று ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவர் கொட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்தபடியே இருந்தார். இதற்கு முன் பிறந்த இரண்டு கன்றுகளும் கழிச்சல் கண்டு அவர் கண் முன்னே துவண்டு செத்திருந்தன. பிள்ளை குட்டி இல்லாத மனிதர். இரண்டுக்கும் வாய்விட்டு அழுதவர்.

இந்த முறை விடுவதாயில்லை. கொட்டிலைத் தேய்த்துக் கழுவினார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சாணியில் படுத்துப் புரளும் தாயிடமிருந்துகூடப் பிரித்து, துவைத்த சாக்கின் மேல் கன்றைத் தனியே கட்டிவைத்தார். ஈ வந்தாலும் அவரிடம் அனுமதி வாங்கித்தான் வர வேண்டும். முதல் பாலை மட்டும் மடத்து வழக்கப்படி ஒட்டக் கறந்து மடப்பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்த்து அவித்து, கட்டியானதும் துண்டு போட்டுச் சாமிக்குப் படைப்பார்கள்.

டவுனுக்குப் போயிருந்த குரு பூங்கோதை அம்மை அப்போதுதான் திரும்பினார். மாசிலாமணியைவிட வயதில் இளையவர். சேதி கேட்டதும் நேரே கொட்டிலுக்கு வந்தார்.

"கன்னு குடிச்சுதா?"

"வேற மாட்டுப் பால் காய்ச்சி ஆற வச்சிருக்கேம்மா. சுத்தமா இருக்கும்."

அம்மை மடப்பள்ளிக்குப் போய், அடுப்பில் ஏற்ற இருந்த செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாசிலாமணி பதறிப்போய்க் குறுக்கே நின்றார்.

"அது சாமிக்கு எடுத்து வச்சதும்மா."

"நகருங்க."

அம்மை தரையில் உட்கார்ந்து, பாலில் விரலைத் தோய்த்துக் கன்றின் வாயில் வைத்தார். அது சப்பத் தொடங்கியது. மாசிலாமணிக்கு அப்போதும் ஆறவில்லை.

"இப்பப் பொறந்த உயிரும்மா. கண்ணால பார்க்காத கிருமியை இது எப்படி எதிர்க்கும்?"

"இதுக்குத் தெரியாது. இதைப் பெத்தவளுக்குத் தெரியும்."

பிறகு பொறுமையாகச் சொன்னார். பசு பட்ட ஒவ்வொரு நோய்க்கும் அதன் உடம்பு ஓர் எதிர்ப்பொருளைச் செய்து வைத்திருக்கிறது. அதே கிருமி மறுபடி வந்தால் போய் ஒட்டிக்கொள்ளும், உள்ளே நுழைய விடாது. அது ஒட்டியிருப்பதை அடையாளம் கண்டுதான் கிருமியைத் தின்கிற அணுக்கள் கூடி வரும். கருவில் இருக்கும்போது கன்றுக்கு அது கிடைப்பதில்லை. முதல் பாலில்தான் வரும். அதையும் பிறந்த அன்றே குடிக்க வேண்டும். அப்புறம் குடித்தால் குடல் அதை ரத்தத்தில் சேர விடாது. செத்த கன்றுகளைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்கத்தான் அம்மை டவுனுக்குப் போயிருந்தார். மருத்துவர் சொன்னது இது.

கன்று மிச்சப் பாலையும் குடித்துவிட்டுத் தள்ளாடி எழுந்து நின்றது. மாசிலாமணி கன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அப்போ அந்த ரெண்டையும் கொன்னது நான்தானா?"

அம்மை வெறும் செம்பைப் பார்த்தபடி இருந்தார்.

"கறந்தது நீங்க. ரெண்டு தடவையும் படையல்ல முதல் துண்டு என் இலையிலதான் விழுந்துச்சு. ருசியா இருக்குன்னு இன்னொண்ணும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்."