அழுமூஞ்சி மரமும் மரியநாயகமும்

மரியநாயகத்தின் வாயிலிருந்து வருகிற எதையும் ஜெபமாலை நம்பியதில்லை. கொடைக்கானலில் பைன் காட்டு வாசலில் அவள் மிளகாய் பஜ்ஜிக் கடை போட்ட நாளிலிருந்து, எதிரே வாடகைக் குதிரையை நிறுத்திக்கொண்டு அவர் அளக்கிற கதையெல்லாம் அவள் காதில்தான் வந்து விழும். அடைமழையில் காட்டெருமையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்ததாக அவர் சொன்னபோது, "பாவம், எருமை நனைஞ்சிருக்குமே" என்று சொல்லிவிட்டு மாவைக் கரைக்கப் போனவள். அப்படிப்பட்டவள் அன்றைக்குத் தானாகவே ஒரு டீயை ஆற்றி எடுத்துக்கொண்டு குதிரைப் பக்கம் போனாள் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அவள் கடைக்கு மேலே கிளை விரித்து நிற்கிற மரத்துக்கு வனத்துறையில் பெயர்ப் பலகை நடப்போகிறார்கள். அந்த மரத்துக்கு இங்கிலீஷில் 'வீப்பிங் பைன்' என்று பெயராம். பலகை எழுதுகிற பெயிண்டர் ரொம்பப் பொறுப்பானவர். அகராதியைப் புரட்டிப் பார்த்து, 'அழும் பைன்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, காயட்டும் என்று ஜெபமாலையின் கடையோரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜெபமாலையின் வியாபாரமே புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை நம்பித்தான். நேற்று வந்த பெண் ஒருத்தி பலகையைப் படித்தாள். "அழுகுற மரத்தடியில நம்ம முதல் போட்டோவா, வேணாங்க" என்று புருஷனை இழுத்துக்கொண்டு நடந்தாள். அவர்களுக்காகப் போட்ட பஜ்ஜி தட்டிலேயே ஆறிப்போனது. பெயரும் சும்மா பலகையோடு நிற்கவில்லை. மரம் 'அழுமூஞ்சி' ஆனது. மரத்தடியில் இருப்பதால் கடை அழுமூஞ்சிக் கடை. சர்க்கரை குறைந்தால் அழுமூஞ்சி டீ. ஜீப் டிரைவர்கள் அவளையே அப்படிக் கூப்பிட அதிக நாள் ஆகாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, இத்தனை வருஷம் சும்மா புளுகுனீங்க" என்று டீயை நீட்டினாள். "இன்னைக்கு ஒரு நாளாவது பிரயோஜனமாப் புளுகுங்க. வனவர் மேடம் பலகைய நட வர்றாங்க. இது சந்தோஷமான மரம்னு அவங்க நம்பணும். பேரை மாத்தணும்."

மரியநாயகம் டீயை வாங்கிக்கொண்டார். "நான் நடந்ததத்தான் சொல்லுவேன்."

"அதையே சொல்லுங்க. நான் குறுக்க வாயத் தொறக்க மாட்டேன்."

வனவர் திலகவதி ஜீப்பை விட்டு இறங்கியதுமே மரியநாயகம் தொடங்கிவிட்டார்.

"மேடம், இந்த மரம் அழுகுறது வாஸ்தவம். ஆனா துக்கத்துல இல்ல, ஆனந்தக் கண்ணீரு. என் கல்யாண ஊர்வலம் இந்த வழியாத்தான் போச்சு. குதிரை மேல உக்காந்து நான் ஒரு பாட்டு எடுத்துவிட்டேன். மொத மரத்துலருந்து ஒரு சொட்டு விழுந்துச்சு."

"பிசினா இருக்கும்ண்ணே" என்றாள் திலகவதி.

"பிசின்னா ஒட்டும் மேடம். இது ஓடுச்சு. சரணத்துக்கு வர்றதுக்குள்ள காடு மொத்தமும் தேம்புது. கண்ணீரு ரோட்டோட போய் ஏரியில விழுந்து, ஏரி ரொம்பி, போட்டுக்காரங்க பஸ் ஸ்டாண்டுலயே படகைக் கட்டிவச்சு டிக்கெட் கிழிச்சாங்க. மதுரை பஸ்ஸுக்கு நின்னவங்கள்லாம் ஏறி ஒரு ரவுண்டு போனாங்க."

ஜெபமாலை எண்ணெய்ச் சட்டியை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொள்ள முடிந்தது.

"கண்ணீருன்னா உப்புத்தானே மேடம். ஊரே ஏரித் தண்ணியில உலை வச்சுது. அந்த வருஷம் ஒரு வீட்டுலயும் உப்பு வாங்கல."

"அப்ப எங்கப்பா எதுக்கு வத்தலக்குண்டுலருந்து உப்பு மூட்டை ஏத்திட்டு வந்தாரு?" வாய் திறந்த பிறகுதான், திறக்க மாட்டேன் என்று சொன்னது ஜெபமாலைக்கு நினைவு வந்தது.

மரியநாயகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது ஊறுகாய்க்கு. கண்ணீர் உப்புல ஊறப்போட்டா மாங்கா விசும்பும். ராத்திரி வீட்டுல ஒருத்தரும் தூங்க முடியாது."

திலகவதி ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அது போதாதா அவருக்கு.

"உப்பு வாசம் ராமேஸ்வரம் வரைக்கும் போயிருச்சு. கடல் இங்க இடம் மாறிருச்சோன்னு சீலா மீனெல்லாம் வைகையில ஏறி, அங்கருந்து அருவியில துள்ளித் துள்ளி மேல வந்துருச்சு. பின்னாலயே ஒரு திமிங்கலம். அது பாவம், ரோட்டு வழியா வந்துச்சு. நீளம் ஜாஸ்தின்னு செக்போஸ்ட்டுல நிப்பாட்டிட்டாங்க. கொண்டை ஊசி வளைவுல அதைத் திருப்பவும் முடியல, முன்னயும் பின்னயும் வண்டி. கடைசியில நான்தான் இந்தக் குதிரையில கயித்தக் கட்டி ரிவர்ஸ்லயே அடிவாரம் வரைக்கும் எறக்கிவிட்டேன்."

"இந்தக் குதிரையா?" ஜெபமாலைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "ஒரு குண்டுப் பிள்ளைய ஏத்துனாலே உக்காந்துக்குமே."

"திமிங்கலத்த ஏத்தலயே தாயி. இழுக்கத்தான செஞ்சுச்சு."

தன் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டோம் என்று ஜெபமாலைக்கு முகம் சுண்டிவிட்டது. திலகவதி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணே, இங்கிலீஷ்ல ஒரு மரத்த 'வீப்பிங்'னு சொன்னா அது அழுகுதுன்னு அர்த்தமில்ல. கிளையோ இலையோ கீழ பாத்துத் தொங்கினா அப்படிச் சொல்றது வழக்கம். அந்தா பாருங்க, ஊசி இலையெல்லாம் ஈரத் தலைய விரிச்சுப் போட்ட மாதிரி தொங்குதுல்ல, அவ்வளவுதான். பெயிண்டர் வார்த்தையப் பாத்தாரு, மரத்தப் பாக்கல. நேத்தே எனக்குப் போன்ல படம் வந்துச்சு. அப்பவே மாத்தச் சொல்லிட்டேன். 'தொங்கிலைப் பைன்'னு புதுப் பலகை வருது."

ஜெபமாலைக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே, ஓசியில் கொடுத்த டீயும் ஞாபகம் வந்தது. "அப்ப எதுக்கு மேடம் இவ்வளவு நேரம் உக்காந்து கேட்டீங்க?"

"திமிங்கலம் நல்லபடியா வீடு போய்ச் சேர்ந்துச்சான்னு தெரியணும்ல" என்றாள் திலகவதி.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் குதிரையை ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள். மரியநாயகம் தொண்டையைச் செருமினார்.

"தொங்குதுன்னு மேடம் சொல்லிட்டாங்க. யாரால தொங்குதுன்னு ஒருத்தரும் கேக்கல. முந்தி இந்த இலையெல்லாம் வெளக்குமாத்தக் குத்தவச்ச மாதிரி வானத்தப் பாத்துத்தான் நின்னுச்சு. நான் இங்க குதிரைய நிறுத்தி, தெனமும் இதுகிட்ட நம்ம அனுபவத்தையெல்லாம் சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொண்ணாக் கீழ எறங்குச்சு."

ஜெபமாலை மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"இதை நான் நம்புறேன்ண்ணே. பாவம், அதுக்கு எந்திரிச்சுப் போக முடியாதுல்ல."