எண்ணுவதும் கிடையாது, தட்டுவதும் கிடையாது

கள்ளிக்காட்டுக் குளத்தின் இந்தக் கரையில் முயல்கள் குத்துச்சண்டை போட்டன. அந்தக் கரையில் உடும்புகள் அடி, கடி, பிடி எல்லாம் சேர்ந்த கலப்புச்சண்டை போட்டன. இரண்டுக்கும் நடுவில் வேலைவெட்டி இல்லாத ஒரு கூட்டம் உட்கார்ந்துகொண்டு, எது பெரிசு என்று தினமும் கத்திக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்திலேயே பெரிய வாய் கீச்சான் என்ற அணிலுக்குத்தான்.

கீச்சானுக்குக் குத்துச்சண்டை என்றால் பைத்தியம். அதிலும் சாம்பலன் என்ற முயல் இறங்கிவிட்டால், கையில் இருக்கும் கொட்டையைக் கொறிக்கக்கூட மறந்துவிடுவான். சாம்பலன் பின்னங்கால்களில் எழுந்து நிற்பான். முன்னங்கால் இரண்டும்தான் ஆயுதம். கடி கிடையாது, உதை கிடையாது. எதிரி விழுந்தால் விலகி நிற்க வேண்டும். நடுவர் பத்து எண்ணுவார். எழுந்தால் ஆட்டம் தொடரும். எழாவிட்டால் அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம்.

சாம்பலனும் கீச்சானும் ஒரே புதரில் குடியிருந்தார்கள். வானத்தில் கழுகு தெரிந்தால் சாம்பலன் பின்னங்காலால் தரையை டம் டம் என்று அடிப்பான். எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் ஓடுவான். அந்தச் சத்தத்தால் கீச்சான் மூன்று முறை உயிர் பிழைத்திருக்கிறான்.

அந்தக் கரை ரசிகர்களுக்குத் தலைவன் முள்ளன் என்ற ஓணான். அவனுடைய ஆள் சொறியன் என்ற உடும்பு.

"ரெண்டு கையை மட்டும் வச்சுக்கிட்டு என்னடா சண்டை?" என்றான் முள்ளன். "எங்க சொறியனைப் பாரு! வால் இருக்கு, பல் இருக்கு, நகம் இருக்கு, பிடி இருக்கு! அதுதான்டா சண்டை! உங்க ஆளு ஆடுறது டான்ஸ்!"

"கட்டிப்பிடிச்சுப் புரள்றதுக்குப் பேரு சண்டையா?" என்றான் கீச்சான். "பாதி நேரம் ரெண்டு பேரும் படுத்தே கிடக்கிறானுங்க! தூங்கிட்டானுங்களோன்னு நாங்க போய்ப் பார்க்க வேண்டியிருக்கு!"

"விழுந்தவன் முன்னாடி நின்னு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுறீங்களே! ஆட்டமா அது? ஒண்ணாங்கிளாஸ்!"

"உங்க ஆளுங்க வலிச்சா தரையை மூணு தட்டு தட்டுறானுங்களே! உடனே பிடியை விட்டுடுறீங்க! ஐயோ, வலிக்குதாம்! அம்மாவைக் கூப்பிடுங்கடா!"

இந்தக் கரை விழுந்து விழுந்து சிரித்தது. முள்ளனின் கழுத்து சிவந்துவிட்டது.

"அப்போ ரெண்டு பேரையும் மோத விடுவோமா?" என்றான்.

"விடுடா பார்ப்போம்!" என்றான் கீச்சான்.

இரண்டு கரையும் சேர்ந்து கொக்கிடம் போயின. நடுவர் வேலை எப்போதும் கொக்குக்குத்தான். ஒற்றைக்காலில் நின்றபடியே கேட்டது. "எந்த விதிப்படி ஆடப்போறீங்க?"

"எல்லா அடியும் உண்டு. ஆனா தட்டுற வேலை மட்டும் வேண்டாம்!" என்று கீச்சான் முந்திக்கொண்டான். "எங்க ஆள் தட்டவே மாட்டான்! அந்த விதியைத் தூக்கிக் கடாசுங்க!"

"அப்போ எண்ணுறதும் வேண்டாம்!" என்றான் முள்ளன். "எங்க ஆள் விழவே மாட்டான்! விழுந்தாலும் பத்து வரைக்கும் படுத்துக் கிடக்க மாட்டான்!"

கொக்கு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. "எண்ணுறதும் கிடையாது, தட்டுறதும் கிடையாது. அப்போ ஆட்டத்தை நான் எப்படி நிறுத்துறது?"

"எதுக்கு நிறுத்தணும்?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அந்த இரண்டு கரையும் ஒத்துப்போனது அன்றைக்கு மட்டும்தான். ஆடப்போகிறவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

கீச்சான் புதருக்கு ஓடிவந்து விஷயத்தைச் சொன்னான். சாம்பலன் அறுகம்புல்லை மென்றுகொண்டிருந்தான்.

"போடா. எனக்கும் சொறியனுக்கும் என்ன பகை? நேத்து அவன்கிட்ட அந்தக் கால் பிடியை எப்படிப் போடுறீங்கன்னு கேட்டேன். பொறுமையாச் சொல்லிக்கொடுத்தான்."

"அவன்கிட்டயா கேட்ட? ஐயையோ, வெளியில சொல்லித் தொலைக்காதே!"

"அவனும் நான் கால் மாத்தி நிக்கிறதைப் பத்திக் கேட்டான். அவன் ஆட்டத்துல ஒரு அழகு இருக்குடா. உங்களுக்குத்தான் அது தெரியல."

"நான் கரை முழுக்கச் சொல்லிட்டேன் சாம்பலா! நீ வரலைன்னா எல்லாவனும் என் மூஞ்சியில துப்புவான்!"

சாம்பலன் மெல்லுவதை நிறுத்தினான். "தட்டக்கூடாதுன்னு யாருடா விதி போட்டது?"

"நான்தான்."

"உன் காலை யாராவது பிடிச்சு முறுக்கியிருக்காங்களா?"

கீச்சான் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான். அவனை யாரும் ஒரு தட்டுக்கூடத் தட்டியது கிடையாது.

"சரி, வர்றேன்" என்றான் சாம்பலன். "உன் மூஞ்சிக்காக."

மறுநாள் காலை, குளத்தை ஒட்டிய பாறையைச் சுற்றிக் காடே கூடிவிட்டது. சொறியன் தயங்கித் தயங்கி வந்தான்.

"என்னப்பா, உன்னையும் இழுத்துட்டு வந்துட்டானுங்களா?" என்றான்.

"ஆமாண்ணே" என்றான் சாம்பலன்.

ஆட்டம் தொடங்கியது. சொறியன் வாலைச் சுழற்றினான். சாம்பலன் துள்ளி விலகினான். முகத்தில் ஒன்று, தாடையில் ஒன்று, மறுபடி முகத்தில் ஒன்று. சொறியன் பின்வாங்கினான். பாறையில் பாசி. கால் வழுக்கி மல்லாந்து விழுந்தான்.

சாம்பலன் உடனே விலகி நின்றான். பழக்கம். எண்ணிக்கைக்காகக் கொக்கைப் பார்த்தான். கொக்கு அலகைத் திறக்கவில்லை.

"எண்ணிக்கை கிடையாதுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினான் கீச்சான். "ஏன் நிக்கிற? குத்து! எழுந்திரிக்கிறதுக்குள்ள குத்து!"

சாம்பலன் ஒரு நொடி கீச்சானைப் பார்த்தான். பிறகு குனிந்து குத்தினான். நகம் பட்டுச் சொறியனின் இடது கண் போய்விட்டது.

இந்தக் கரை ஆடிப்பாடியது. கீச்சான் மரத்தில் ஏறி இறங்கி ஏறினான்.

அவன் மூன்றாவது முறை இறங்குவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. கண்ணில் ரத்தம் வழிய, கைக்கு எது சிக்கியது என்றுகூடத் தெரியாமல் சொறியன் பிடித்தான். சிக்கியது சாம்பலனின் முன்னங்கால்கள் இரண்டும். உடும்புப் பிடி. முறுக்கினான்.

டம் டம் டம்!

சாம்பலன் பின்னங்காலால் தரையைத் தட்டினான். பாதிக் கூட்டம் வானத்தைப் பார்த்தது. கழுகு எதுவும் இல்லை.

கீச்சானுக்குத்தான் முதலில் உறைத்தது. "தட்டுறான்! நிறுத்துங்க! தட்டிட்டான்!"

"தட்டுறது கிடையாது" என்றது கொக்கு. "விதியைத் தூக்கச் சொன்னது நீதானே?"

"நான் சும்மா சொன்னேன்! வாய்க்கு வந்ததைச் சொன்னேன்!"

"மானத்தை வாங்காதே கீச்சான்!" என்று அவன் கரைக்காரர்களே அதட்டினார்கள். "நம்ம ஆள் தட்ட மாட்டான்! அவன் சும்மா காலை உதறுறான்!"

டம் டம் டம்!

கீச்சான் பாறை மேல் பாய்ந்து சொறியனின் காதருகே போனான். "அண்ணே! விடுங்கண்ணே! உங்க காலைப் பிடிக்கிறேன்!"

சொறியன் பிடியைத் தளர்த்தவில்லை. "நான் விழுந்து கிடந்தப்ப நிறுத்தினீங்களாடா? இப்ப விட்டா இன்னொரு கண்ணையும் எடுத்துடுவான். எனக்குப் பயமா இருக்கு. விட மாட்டேன்!"

அவனைக் குற்றம் சொல்லவும் கீச்சானால் முடியவில்லை.

முதலில் ஒரு கால் ஒடிந்தது. அப்புறம் இன்னொன்று. சாம்பலன் அசையாமல் கிடந்த பிறகுதான் பிடி தளர்ந்தது.

அடுத்த நிமிஷமே கூட்டம் பழைய வாதத்தைத் தொடங்கிவிட்டது. "கண்ணையே எடுத்துட்டான்! குத்துதான் பெரிசு!" "கால் ரெண்டும் போச்சு! கலப்புதான் பெரிசு!" உச்சி வெயில் வரைக்கும் கத்தினார்கள். சாம்பலனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஒருத்தருக்கும் நேரமில்லை. சொறியன் கள்ளியில் முட்டி முட்டித் தனியாக வீட்டுக்குப் போனான்.

கீச்சான் சாம்பலனைப் புதருக்கு இழுத்து வந்தான். நாளெல்லாம் புல் பறித்து வாயருகே வைத்தான்.

"அவன் விழுந்தப்ப நான் விலகித்தானே நின்னேன்" என்றான் சாம்பலன். "நீ ஏன்டா கத்தின?"

"தெரியல."

அது உண்மை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை கீச்சான் புதருக்கு வெளியே புல் பறித்துக்கொண்டிருந்தான். திடீரென்று சத்தம் கேட்டது.

டம் டம்! டம் டம்!

கீச்சான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான்கே தாவலில் மரப்பொந்துக்குள் போய்விட்டான். ஓணான், கௌதாரி, முயல் குட்டிகள், எல்லோரும் ஓடி ஒளிந்தார்கள். பொந்துக்குள் போன பிறகுதான் கீச்சானுக்கு நினைவு வந்தது. தலையை நீட்டிப் பார்த்தான்.

சாம்பலன் இன்னும் தட்டிக்கொண்டே இருந்தான். ஓடுவதற்கு அவனிடம் முன்னங்கால் இல்லை.

கழுகின் நிழல் புதர் மேல் விழுந்தது. சத்தம் நின்றது.

மறுநாள் மரத்தடியில் முள்ளன் வந்து நின்றான். அவனும் நேற்று அந்தச் சத்தத்தால் தப்பித்தவன்தான்.

"ஏய் கீச்சான்! உங்க கரையில புதுசா ஒரு முயல் இறங்கியிருக்கானாமே! எங்ககிட்டயும் ஒரு புது உடும்பு இருக்கான். விதி அதே விதிதான். மோத விடுவோமா?"

"வேண்டாம்டா. எண்ணுங்க. தட்டினா விடுங்க. அது போதும்" என்றான் கீச்சான்.

"சாம்பலன் போனதும் நீ கோழையாயிட்டேடா!" என்று சிரித்துவிட்டு முள்ளன் போனான். சிறிது நேரத்தில் குளத்தங்கரையில் பழைய கூச்சல் கேட்டது. கீச்சான் பொந்தை விட்டு இறங்கவில்லை. இனி வானத்தை அவனேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடிபடாதவன் கோழைத்தனம் என்று சிரித்துத் தூக்கி எறிகிற விதிதான், அடிபடுகிறவனுடைய உயிர்.