கை அரித்த கரடி

பலா மரங்கள் மண்டிய ஒரு காட்டில் கம்பளியன் என்று ஒரு கரடி இருந்தது. தேன் எடுப்பதில் கெட்டி. எடுத்த தேனைத் தோற்பதில் அதைவிடக் கெட்டி.

எல்லாம் நரியால் வந்தது. அது பாறை நிழலில் உட்கார்ந்து, புளியங்கொட்டைகளைக் கைக்குள் மூடிக்கொண்டு, "ஒற்றையா, இரட்டையா?" என்று கேட்கும். சரியாகச் சொன்னால் கரடிக்கு ஒரு தேனடை. தப்பினால் நரிக்கு ஒன்று. எப்போதாவது ஜெயித்துவிட்டால் போதும், கரடி இருட்டும்வரை எழுந்திருக்காது.

ஒருநாள் கரடி குகைக்குள் கையை விட்டுத் துழாவியது. மனைவி காரி குட்டியை அணைத்தபடி சொன்னது:

"நன்றாகத் தேடுங்கள். ஒரே ஓர் அடைதான் மிச்சம். மழை வரப்போகிறது. அதையும் நரியிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். குட்டிக்கு நான் புளியங்கொட்டை ஊட்டுகிறேன்."

கரடிக்கு முகம் தொங்கிவிட்டது. "நான் என்ன செய்வேன் காரி? நரியை நினைத்தாலே உள்ளங்கை அரிக்கிறதே!"

"கை உங்களுடையதுதானே?" என்று கேட்டுவிட்டுக் காரி திரும்பிப் படுத்துக்கொண்டது.

கரடி தன் கையையே வெகுநேரம் முறைத்துப் பார்த்தது. பிறகு அதனிடம் சொன்னது: "இதோ பார், நீ அரித்தால் இனி மரம் ஏறுவோம். கிடைக்கும் அடை குட்டிக்கு. உன்மேல் ஒட்டுவது எனக்கு."

கை உடனே அரித்தது. கரடி மரம் ஏறியது. இறங்கி வந்து, விரலிடுக்கு, புறங்கை எல்லாம் நக்கி முடித்தபோது அரிப்பு போன இடம் தெரியவில்லை.

நடுவில் ஒருநாள் கால்கள் தாமாகவே பாறைப் பக்கம் நடந்தன. கரடி பாதி வழியில் கால்களைத் திட்டிக்கொண்டே திரும்பி மரம் ஏறியது. குகையில் அடைகள் நிறைந்தன.

காத்துக் காத்து வயிறு ஒட்டிப்போன நரி, கொட்டைகளோடு குகைக்கே வந்துவிட்டது.

"என்ன கம்பளி அண்ணே, அண்ணி கட்டிப்போட்டுவிட்டார்களா? இன்று நீங்கள் கொட்டைகளைக் கைக்குள் மூடுங்கள், நான் சொல்கிறேன். நான் தப்பினால் நீங்கள் இதுவரை தோற்ற தேனெல்லாம் திரும்ப உங்களுக்கே!"

எல்லாத் தேனுமா? கரடியின் கை அரித்த அரிப்பில் தோளே ஆடியது.

"கொஞ்சம் இரு தம்பி" என்று சொல்லி, விடுவிடுவென்று மரம் ஏறி, தேன் சொட்டும் கையோடு இறங்கியது. "இப்போது அரிக்கவில்லை. நீ போய் வா."

"அட, சும்மா பிடியுங்கள் அண்ணே!" என்று நரி கொட்டைகளை அதன் கையில் திணித்தது.

திணித்தவை ஒட்டிக்கொண்டன. கரடி உதறியது. ஒன்றுகூட விழவில்லை.

"ஐயோ, என் கொட்டை!" என்று நரி பல்லால் பிடுங்கப் பார்த்தது. கொட்டைகள் பல்லில் ஒட்டின. தேனைத் தேடி வந்த தேனீக்கள் நரியின் மூக்கில் உட்கார்ந்தன.

"ஒற்றையா, இரட்டையா தம்பி?" என்று கரடி கேட்டது.

நரியால் வாயைத் திறக்க முடியவில்லை. தேனீக்கள் துரத்தத் துரத்த ஓடியது.

"யார் ஜெயித்தது?" என்று உள்ளிருந்து காரி கேட்டது.

"குட்டி" என்று சொல்லிவிட்டுக் கரடி புறங்கையை நக்கியது.

நீதி: கெட்ட ஆசை எழும்போது கைக்கு நல்ல வேலை கொடு, செய்து முடித்ததும் உனக்கு நீயே ஒரு பரிசும் கொடு.